அத்தானின் டெக்கும் நீர் கேட்ட கசெற்றுகளும்

அன்புள்ள மருமகளுக்கு,

ரொறன்ரோவிலிருந்து நீர் அனுப்பிய செய்தி கிடைத்தது. உமது அப்பா, எனது அத்தான், சேர்த்து வைத்த வீடியோ, ஓடியோ கசெற்றுகள் அனைத்தையும் பெட்டியில் அடுக்கி அனுப்பும்படியும், அவற்றை ஓட்டும் அந்தப் பழைய டெக்குகளை யாருக்காவது கொடுத்துவிட்டு முன்னறையை ஒழுங்குபடுத்தும்படியும் எழுதியிருந்தீர். இதே கேள்வியை வெளிநாட்டிலிருக்கும் வேறு பிள்ளைகளும் இங்குள்ள தாய் தகப்பனிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதால், உமக்கு எழுதும் பதிலை எல்லோரும் வாசிக்கக்கூடியதாக இங்கே இடுகிறேன். கசெற்றுகளை அனுப்பப் போவதில்லை. டெக்குகளையும் கொடுக்கப் போவதில்லை.

முதற்காரணம் மிகச் சாதாரணமானது. எங்கள் நாட்டு வீடியோக்கள் பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறையில், 625 வரிகளும் வினாடிக்கு 25 படங்களுமாகப் பதிவானவை. கனடாவில் விற்கப்பட்ட டெக்குகளோ 525 வரிகள் கொண்ட என்.ரி.எஸ்.சி முறைக்கு உரியவை. ஒன்றின் கசெற்றை மற்றதன் டெக் வாசிக்காது. தொண்ணூறுகளில் உமது பெரியம்மா மகளின் கலியாணக் கசெற் அங்கிருந்து வந்தபோது, அயலவர் எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்து, திரையில் கோடுகள் உருளுவதை மரியாதைக்காகச் சற்று நேரம் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள். இரண்டு முறையையும் வாசிக்கும் டெக் ஒன்றை இரவல் வாங்கிய பின்னர்தான் மாப்பிள்ளையின் முகத்தைக் கண்டோம்.

இரண்டாவது காரணம் அத்தானுடைய டெக்கைப் பற்றியது. எங்கள் வீடியோ கசெற்றுகளில் உள்ள வி.எச்.எஸ் நாடாவில் படம் நீளவாட்டில் எழுதப்படுவதில்லை. வினாடிக்கு 25 தடவை சுழலும் உருளையில் பொருத்தப்பட்ட ஹெட்டுகள், அதாவது நாடாவில் எழுதவும் வாசிக்கவும் செய்யும் காந்த முனைகள், அரை அங்குல நாடாவின் குறுக்கே சாய்வான கீற்றுகளாக அதை எழுதிச் செல்கின்றன. கீற்று ஒன்றின் அகலம் ஏறத்தாழ 0.05 மில்லிமீற்றர்தான். நாடாவை வழிநடத்தும் சிறு தூண்கள் ஒவ்வொரு டெக்கிலும் மயிரிழை அளவு வேறுபட்டு நிற்கும்; காலப்போக்கில் அந்த வேறுபாடு கூடும். ஆகையால் ஒரு டெக் எழுதியதைப் பெரும்பாலும் அதே டெக்தான் சிறப்பாக வாசிக்கும். அத்தானின் கசெற்றுகளை வேறு நல்ல டெக்கில் இட்டால் திரையின் அடிப்பகுதியில் ஒரு நரைப்பட்டை ஓடுகிறது. அவருடைய டெக்கில், அது எவ்வளவு தேய்ந்திருந்தாலும், அந்தப் பட்டை இல்லை.

ஓடியோ கசெற்றுகளிலும் இதே கதைதான். ஹெட்டின் அருகில், ஒரு சிறிய சுருள்வில்லின் மேல், திருகாணி ஒன்று இருக்கும். அதைக் கால் சுற்றுக்கும் குறைவாக மெல்லத் திருப்பும்போது, கம்பளிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்ட உமது அம்மம்மாவின் குரலில் 'ச' எழுத்துக்கள் திடீரெனக் கூர்மையாகின்றன. பதிவு செய்த ரேப் றெக்கோடரில் அந்த ஹெட் எந்தச் சாய்வில் நின்றதோ, அந்தச் சாய்வுக்கு இங்குள்ள ஹெட்டும் வந்துவிட்டது என்பதே அதன் பொருள். ஒவ்வொரு கசெற்றுக்கும் இதைப் புதிதாகச் செய்ய வேண்டும். கட்டணத்துக்குப் பிரதி எடுக்கும் இடங்களில் இதற்கு யாரும் மினக்கெடுவார்கள் என்று நான் நம்பவில்லை.

இவற்றையெல்லாம் விடப் பெரிய காரணம், பலர் எண்ணுவதற்கு நேர்மாறானது. நாடாதான் அழியக்கூடியது, கருவியை எப்போதும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துக் கசெற்றுகளைப் பூச்சி உருண்டையோடு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். நல்ல நிலையில் வைக்கப்பட்ட நாடா இன்னும் சில காலம் பொறுக்கும். அதை வாசிக்கும் கருவிதான் பொறுக்காது. வி.எச்.எஸ் டெக்குகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் அந்த உற்பத்தியை நிறுத்தியது. உதிரிப்பாகங்கள் கிடைப்பதில்லை என்பது அது சொன்ன காரணங்களுள் ஒன்று. அவுஸ்திரேலியாவின் தேசியத் திரைப்பட ஒலி ஆவணக் காப்பகம், 2025 ஆம் ஆண்டுக்குள் எண்ணிமப்படுத்தப்படாத காந்த நாடாப் பதிவுகளில் பெரும்பகுதி கைவிட்டுப் போய்விடும் என்று 2015 இலேயே எச்சரித்தது. அந்த ஆண்டும் வந்துவிட்டது. ஆகவே முன்னறையில் இருக்கும் இரும்புகள்தான் இப்போது அரிய பொருட்கள்.

திருகோணமலையில் அவற்றை உயிரோடு வைத்திருப்பது தனி வேலை. உப்புவெளியில் எங்கள் வீட்டுக்குக் கடற்காற்று எந்நேரமும் வரும் என்பது உமக்குத் தெரியும். அந்தக் காற்று ஓடியோ வயர் செருகும் துளைகளில் பச்சைக் களிம்பையும், அலுமினியப் பகுதிகளில் வெள்ளைப் பூப்பையும் உண்டாக்குகிறது. வாடைக்காலத்தில் ஈரலிப்பு ஏறும்போது, டெக்கின் உள்ளே இருக்கும் ஈர உணரி விழித்துக்கொண்டு கருவியை ஓடவிடாமல் தடுத்துவிடும். அது பழுதன்று, பாதுகாப்பு. ஈரமான உருளையில் நாடா ஒட்டிக்கொண்டால் இரண்டுமே கெடும். ஆகையால் ஐப்பசி தொடங்கித் தை வரை நான் எதையும் ஓட்டுவதில்லை. கச்சான் வீசும் மாதங்களில், முற்பகல் வெயில் ஏறிய பின்னர் ஓட்டுகிறேன். டெக்கைப் பொலித்தீனால் மூடினால் ஈரம் உள்ளேயே சிறைப்படும் என்பதால் பருத்திச் சீலையால் மூடுகிறேன். வேலையில்லாத காலத்திலும் அவ்வப்போது ஒரு பழைய வெற்றுக் கசெற்றை ஓட்டி எடுக்கிறேன், ஏனெனில் சும்மா இருக்கும் இறப்பர் உருளை அழுந்திய இடத்தில் தட்டையாகிவிடும்.

சென்ற ஆண்டு அத்தானின் கசெற் டெக்கைத் திறந்தபோது பெல்ட் இருந்த இடத்தில் பெல்ட் இல்லை. கப்பிகளைச் சுற்றித் தாரைப் போன்ற கறுப்புப் பசை படிந்திருந்தது. தொட்ட விரலிலிருந்து அது சவர்க்காரத்துக்கும் போகவில்லை. சிலவகைப் பெல்ட்டுகள் பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் இவ்வாறே கரைந்துவிடும். அந்தப் பசையை ஐசோபுரப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் கப்பி கப்பியாகத் துடைத்தெடுத்த பிறகே புதிய பெல்ட்டை மாட்டலாம். வீடியோ டெக்கின் ஹெட்டைத் துடைப்பது இதைவிட நுட்பமானது. காது துடைக்கும் பஞ்சுக் குச்சியைப் பயன்படுத்தினால் அதன் நூல் ஹெட்டின் நுனியில் மாட்டி அதை முறித்துவிடும் என்பதால், மென்தோலை அல்ககோலில் நனைத்து உருளையின் மேல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் உருளையைத்தான் சுழற்ற வேண்டும். மேலும் கீழுமாக ஒருபோதும் தேய்க்கக் கூடாது.

கசெற்றுகளின் நிலையைக் கேட்டிருந்தீர். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது அடித்தட்டில் இருந்தவை போய்விட்டன. மேல்தட்டில் இருந்தவையே இப்போது உள்ளவை. அவற்றில் சிலவற்றின் கண்ணாடிச் சாளரத்தினூடாகப் பார்த்தால் சுருளின் விளிம்பில் மாப் பூசியதுபோல் வெள்ளை தெரிகிறது. பூஞ்சணம் பிடித்த அவற்றைத் துப்புரவாக்காமல் டெக்கில் போட்டால் ஹெட் அடைபடுவதோடு அடுத்த கசெற்றுக்கும் தொற்றும் என்பதால் ஒதுக்கி வைத்திருக்கிறேன். வானொலியிலிருந்து பதிவு செய்த 90 நிமிடக் கசெற்றுகளில் வேறொரு விநோதம் உண்டு. 60 நிமிடக் கசெற்றின் நாடா ஏறத்தாழ 18 மைக்றோன் தடிப்பு, இதனுடையது 12 தான். ஒரு சுற்றின் காந்தப் பதிவு அடுத்த சுற்றில் படிந்துவிடுவதால், பேசுபவர் வாய் திறப்பதற்கு ஓரிரு வினாடிக்கு முன்னரே அதே வாக்கியம் மெல்லிதாகக் கேட்கிறது. அதை நீக்க நான் முயலவில்லை.

எதை முதலில் பிரதி எடுப்பது என்பதில் நாம் உடன்பட வேண்டும். உமது அம்மா கலியாண வீடியோக்களை முதலில் கேட்கிறார். நான் அவற்றைக் கடைசியில் வைத்திருக்கிறேன், ஏனெனில் அவற்றின் கொப்பி ஐந்தாறு வீடுகளில் இருக்கும். இருதய வடிவத்துக்குள் மணமக்களின் முகத்தைச் சுழலவிட்ட வீடியோக்காரரின் கைவண்ணம் இன்னும் சிறிது காலம் காத்திருக்கலாம். உமது சாமத்தியச் சடங்கின் கசெற்றும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். முதலிடம் வேறெங்கும் இல்லாதவற்றுக்கு: அம்மம்மா லண்டனுக்கு அனுப்பவென்று பேசி, அனுப்பாமல் விட்ட குரற்கடிதங்கள், நவராத்திரிக் காலத்தில் எங்கள் தெருவால் கும்பம் ஆடி வந்ததை அத்தான் மதிலில் நின்று எடுத்த படம். கும்ப விழாவின் பதிவை, உமக்குச் சம்மதமானால், 2005 முதல் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவில் சேர்த்துவரும் நூலக நிறுவனத்துக்கும் கொடுக்கலாம்.

பிரதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. நகரில் ஒரு கடையில் முன்னர் டிவிடியாக மாற்றிய சில நிகழ்வுகள், கடையின் தொலைபேசி எண் படத்தின் அடியில் ஓடிக்கொண்டிருக்க, இப்போது பாதியில் நின்றுவிடுகின்றன. அவற்றின் மூலக் கசெற்றுகளை வீசாமல் வைத்திருந்தவர் உமது அப்பாதான். ஆகவே தட்டுகளை நம்பாமல் கணினியில் எடுக்கிறேன். ஓடியோ 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிற் அளவில் மணிக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைற் வருகிறது; மினி டிவி (MiniDV) எனும் சிறிய வீடியோ கசெற்றுகளை ஃபயர்வயர் எனும் பழைய கணினி இணைப்பினால் அப்படியே இறக்கினால் மணிக்கு 13 ஜிகாபைற். புதிய கணினிகளில் அந்த இணைப்பு இல்லாததால் பழைய மடிக்கணினி ஒன்றையும் நான் பேணிக்கொண்டிருக்கிறேன். முன்னறையில் நீர் கண்ட குப்பைகளுள் அதுவும் ஒன்று.

நீர் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு வன்தட்டுகளை வாங்கி, மார்கழியில் இங்கு வருபவரிடம் கொடுத்துவிடும். ஒன்று நிரம்பியதும் உம்மிடம் திரும்பி வரும், மற்றது இங்கே இருக்கும். சதுர வெட்டுமுகமுள்ள பெல்ட்டுகள் அங்கே இணையத்தில் இலகுவாகக் கிடைக்கின்றன. தேவையான சுற்றளவுகளைத் தனிச் செய்தியில் எழுதுகிறேன். அவை பழைய பெல்ட்டின் அளவைவிடச் சற்றே குறைத்துக் குறிக்கப்பட்டவை, ஏனெனில் பழையது இழுபட்டிருக்கும். கசெற் மட்டைகளில் அத்தான் எழுதிய பெயர்ச் சுருக்கங்களையும் படமெடுத்து அனுப்புகிறேன். "பெ.மா. வீடு, மழை" என்பது யாருடைய வீடு என்று அம்மாவிடம் கேட்டு எழுதும்.

அன்புடன்,
மாமா
உப்புவெளி, திருகோணமலை