ஒரு டி.பி. போதும், பாப்பா

செல்லூர், மதுரை
ஆனி மாதம், ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நலம். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் நலமா? போன வாரம் போனில் ரெண்டு கேள்வி கேட்டாய். துபாயில் தள்ளுபடி போட்டிருக்கிறான், செட்டாப் பாக்ஸில் சீரியல் பதிய எந்த ஹார்ட் டிஸ்க் வாங்கி வரட்டும் என்பது ஒன்று. பழைய டிஸ்க் கெட்டுவிட்டதாக அம்மா சொல்கிறாள், பொங்கலுக்கு மாப்பிள்ளை லேப்டாப்பில் செருகியபோது நன்றாகத்தானே சுற்றியது என்பது இன்னொன்று. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்ததால் இரண்டுக்கும் ‘ம்’ கொட்டிவிட்டு வைத்துவிட்டேன். இப்போது அவள் கோயிலுக்குப் போயிருக்கிறாள், எழுதுகிறேன்.

மாப்பிள்ளை 4 டி.பி., அதாவது நாலாயிரம் ஜி.பி. டிஸ்க் வாங்கலாம் என்றாராம். அவரிடம் பக்குவமாகச் சொல், நமக்கு 1 டி.பி. போதும். கஞ்சத்தனம் இல்லை, கணக்கு. எச்.டி. சேனல் ஒன்று நொடிக்கு 8 மெகாபிட் என்று வைத்துக்கொள். எட்டு பிட் ஒரு பைட், ஆக நொடிக்கு ஒரு எம்.பி.; மணிக்கு 3.6 ஜி.பி. ஒரு டி.பி.யில் 270 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். இரவு பகலாக ஓடினாலும் பதினொரு நாள். அம்மா பார்ப்பது அரைமணி சீரியல் மூன்று, வாரத்துக்கு ஆறு நாள். முப்பது ஜி.பி.யைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். பார்த்ததை உடனே அழித்தும் விடுகிறாள், அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுகிற மாதிரி. அவளுக்கு 4 டி.பி. எதற்கு?

பெரிய டிஸ்க்கில் இன்னொரு வம்பும் உண்டு. பழைய முறையில் டிஸ்க்கைப் பிரிக்கிற செட்டாப் பெட்டிகள் 2 டி.பி.க்கு மேல் எண்ணத் தெரியாதவை. 4 டி.பி.யைச் செருகினால் பாதியை மட்டும் காட்டும், அல்லது டிஸ்க்கே இல்லை என்று கைவிரிக்கும். நம்முடையது அந்தக் காலத்து ரகமா என்று திறந்து பார்க்க முடியாது, கம்பெனி சீல் வைத்திருக்கிறான். நமக்கேன் அந்தச் சோதனை?

அடுத்தது வேகம். கடைக்காரன் எஸ்.எஸ்.டி., அதாவது உள்ளே எதுவும் சுழலாத டிஸ்க், வாங்கச் சொல்லுவான், நொடிக்கு ஆயிரம் எம்.பி. ஓடும் என்பான். நமக்கு வருவதே நொடிக்கு ஒரு எம்.பி. குடத்தில் சொட்டுகிற குழாய்க்குக் கீழே வைகை அணையை வைத்துக் கட்டுவானேன்? நியாயமாகச் சொன்னால் எஸ்.எஸ்.டி.க்கு ஒரு நல்ல குணம் உண்டு, சத்தமில்லை, கீழே விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. காசு கூடுதல், அதுதான். சுழல்கிற டிஸ்க்கில் நிமிடத்துக்கு 5400 சுற்றுப் போதும். 7200 சுற்று நமக்குச் சூடும் இரைச்சலும்தான் தரும்.

அதற்காகப் பென்டிரைவ் போதும் என்று நினைத்துவிடாதே. ஐப்பசியிலிருந்து இந்த எட்டு மாதமாய் அதைத்தான் ஓட்டுகிறேன். இந்தப் பெட்டி டி.வி. ஓடும் நேரமெல்லாம் பின்னால் எழுதிக்கொண்டே இருக்கும். அப்போதுதான் அம்மா பால் பொங்குகிறது என்று எழுந்து போகும்போது நிறுத்திவைத்துவிட்டு வந்து தொடர முடியும். எழுதிக்கொண்டே வாசிக்கவும் வேண்டும். மலிவான பென்டிரைவுக்கு அந்த ஓட்டம் கிடையாது. சீரியல் மாமியார் வாயைத் திறப்பாள், படம் நின்றுவிடும், வசனம் அடுத்த காட்சியில் வரும். அம்மா என்னைப் பார்ப்பாள், நான்தான் அந்த மாமியாரை ஊமையாக்கியது போல.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டு. டிஸ்க் அளவு பார்க்கும் முன்னால் கரண்ட் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்னால் இருப்பது யு.எஸ்.பி. 2.0 துளை. விதிப்படி அது தருவது 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர். நீலத் துளையாக இருந்தால், அதாவது 3.0, 900 வரை தரும். நம் பெட்டியில் கறுப்புத் துளைதான். உள்ளங்கை அளவு 2.5 அங்குல டிஸ்க்கைத் திருப்பி லேபிளைப் பார்த்தால் ‘5 வோல்ட், 1 ஆம்பியர்’ என்று போட்டிருக்கும். ஓடிக்கொண்டிருக்கும்போது அவ்வளவு இழுக்காது, நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது இழுக்கும். கிணற்று மோட்டார் எடுக்கும்போது வீட்டு லைட் மங்குமே, அதே கதை. துளையால் கொடுக்க முடியாவிட்டால் உள்ளே ‘டிக்… டிக்… டிக்’ என்று பல்லி மாதிரி ஒரு சத்தம் வரும். கிளம்பப் பார்க்கும், விழும், மறுபடி கிளம்பப் பார்க்கும். என் ரிப்பேர் கடைக்கு இப்படி எத்தனை பேர் டிஸ்க் செத்துவிட்டது என்று தூக்கி வந்திருக்கிறார்கள் தெரியுமா? மீட்டரை வைத்தால் 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 4.4 காட்டும். டிஸ்க்குக்கு நோய் இல்லை, பட்டினி.

3.5 அங்குலப் பெரிய டிஸ்க்குக்குத் தனி அடாப்டர் வரும், 12 வோல்ட், அதற்குப் பட்டினி கிடையாது. ஆனால் டி.வி. ஸ்டாண்டுக்குப் பின்னால் இன்வெர்ட்டர் லைனில் அந்தப் பெரிய அடாப்டருக்கு இடமில்லை, சாதா லைனில்தான் செருக வேண்டும். கரண்ட் போனால் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடும், டிஸ்க் மட்டும் படுத்துவிடும். எழுதிக்கொண்டிருக்கும்போது படுத்தால் அன்றைய ரெக்கார்டிங் போச்சு. அதனால் சின்னதே வாங்கு. கரண்டுக்கு, சின்னதாய்த் தனி அடாப்டர் உள்ள ஒரு யு.எஸ்.பி. ஹப், அதாவது ஒரு துளையைப் பலதாக்குகிற சாதனம், போட்டுக்கொள்ளலாம், அந்த அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் செருகிவிடுவேன். ஹப் மட்டும் நீ வாங்க வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன். மட்டமான ஹப்பில் அதன் கரண்ட் பின்வழியாகப் பெட்டிக்குள் ஏறும். பெட்டியை அணைத்த பிறகும் முன்னால் சிவப்பு விளக்கு மினுக்கென்று எரிந்தால் அதுதான் என்று தெரிந்துகொள்ளலாம்.

கம்பெனி எது என்று கேட்பாய். சுழல்கிற டிஸ்க்கை உலகத்தில் செய்கிறவர்களே இப்போது மூன்று பேர்: சீகேட், டபிள்யூ.டி., தோஷிபா. எது தள்ளுபடியில் கிடைக்கிறதோ அது. வேறு பெயர் போட்டு 16 டி.பி. என்று சல்லிசாக ஆன்லைனில் வருவதை மட்டும் தொடாதே. நம் தெருப் பையன் ஒருவன் அப்படி ஒன்றை வாங்கி, படமெல்லாம் பாதியில் காணாமல் போகிறது என்று கடைக்குக் கொண்டு வந்தான். திருகாணியைக் கழற்றினேன். உள்ளே பசை போட்டு ஒட்டின ஒரு மெமரி கார்டு, கனம் தெரிய ரெண்டு இரும்பு நட்டு. கம்ப்யூட்டரிடம் 16 டி.பி. என்று பொய் சொல்ல மட்டும் பழக்கியிருக்கிறார்கள். இலங்கை டி.வி. ரூபவாஹினி பிடிக்க ராமநாதபுரம் பக்கம் பனைமர உயரத்துக்கு ஆன்டெனா கட்டிய காலத்திலிருந்து இந்தத் தொழிலில் இருக்கிறேன். இரும்பு நட்டில் படம் பதிகிற வித்தையை அன்றைக்குத்தான் பார்த்தேன். நல்ல டிஸ்க்கிலும் 1 டி.பி. கம்ப்யூட்டரில் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். அது ஏமாற்று இல்லை, அவன் ஆயிரத்தில் எண்ணுகிறான், இது 1024-இல் எண்ணுகிறது.

வரும்போது அந்த டிஸ்க்கில் குட்டியின் படங்களை ஏற்றிக்கொண்டு வராதே. மறக்காமல் இதை மாப்பிள்ளையிடம் சொல். செருகியதும் பெட்டி கேட்கிற முதல் கேள்வி ‘பார்மேட் செய்யவா?’ என்பதுதான், உள்ளதையெல்லாம் அழிக்கவா என்று அர்த்தம். அம்மாவுக்கு ரிமோட்டில் பிடித்த பட்டன் ஓகே. ஒரு வாடிக்கைக்காரர் மகள் கல்யாண வீடியோ இருந்த டிஸ்க்கை இப்படிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் என் கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்தார். குட்டி படங்கள் வேறு எதிலாவது வரட்டும்.

வைக்கிற இடம்கூட யோசித்துவிட்டேன். பெட்டி தலையில் வைக்கக் கூடாது, பெட்டிச் சூடே போதும். குட்டிக்கு எட்டாத அலமாரி மேல்தட்டு. டிஸ்க் சுற்றும்போது அதை வாசிக்கிற முள் தட்டிலிருந்து தலைமுடிப் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத உயரத்தில் மிதக்கிறது. ஓடும்போது தூக்கித் துடைக்காதே என்று அம்மாவிடம் சொன்னால், தூசி இருந்தால் லட்சுமி வரமாட்டாள் என்கிறாள். மழைக்காலத்தில் படம் கட்டம் கட்டமாய் உடையும், ரெக்கார்டிங்கும் அப்படியே உடைந்துதான் பதியும். அதற்கு டிஸ்க் பொறுப்பில்லை. மேகம் கனத்தால் டிஷ்ஷுக்கு வருகிற சிக்னலைத் தண்ணீர் குடித்துவிடுகிறது.

சரி, ரெண்டாவது கேள்வி. அம்மாவிடம் போனில் இதைப் பேசாதே.

பழைய டிஸ்க் கெடவில்லை. பீரோவில், என் வேட்டிகளுக்கு அடியில் இருக்கிறது. அதுவும் 1 டி.பி.தான், இன்றைக்குச் செருகினாலும் சுற்றும். ஐப்பசி இடியில் போனது பெட்டி மட்டும். டிஷ் கேபிள் வழியாக இறங்கி உள்ளே கருக்கிவிட்டது. கம்பெனிக்காரன் வேறு பெட்டி கொடுத்தான். புதுப் பெட்டியில் டிஸ்க்கைச் செருகியதும் பார்மேட் செய்யவா என்று கேட்டது. வேண்டாம் என்று அழுத்தினேன். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டால், ரெக்கார்டிங் எல்லாம் பழைய பெட்டியின் சாவியில் பூட்டியிருக்கிறது, அந்தப் பெட்டி தவிர எதிலும் திறக்காது என்றார்கள். வாங்கும்போது இதை எவனும் சொல்லவில்லை. டிஸ்க் நம் காசு, உள்ளே இருப்பது அவன் பூட்டு. மாப்பிள்ளை லேப்டாப்பிலும் அதே கேள்விதான் வந்தது. உள்ளே என்ன மாமா என்றார். பழைய கச்சேரி என்று சொல்லிவிட்டேன்.

கச்சேரி இல்லை. 2018 சித்திரைத் திருக்கல்யாணம். நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். அப்பத்தா விடிவதற்கு முன்பே போய் வரிசையில் நின்று தெற்குக் கோபுரம் வழியாக உள்ளே போனாள். நாங்கள் வீட்டில் டி.வி.யில் பார்த்துக்கொண்டிருந்தோம். மாங்கல்யதாரணம் முடிந்து பெண்களெல்லாம் தாலிச் சரடு மாற்றும்போது கேமரா கூட்டத்துப் பக்கம் திரும்பியது. அப்பத்தா. அரக்குச் சேலை, மடியில் மஞ்சள் பை. பக்கத்தில் யாரோ ஒரு பெண் சரடு முடிச்சுப் போட முடியாமல் வேர்த்துக்கொண்டிருக்கிறாள், இவள் அவளுக்குப் பனை விசிறியால் வீசிக்கொண்டிருக்கிறாள். ஐந்து நொடி இருக்கும். கேமராவைப் பார்க்கவே இல்லை. சாயங்காலம் வந்ததும் போட்டுக் காட்டினேன். ‘இன்னும் கொஞ்சம் வேகமா வீசியிருக்கலாம், பாவம் அந்தப் புள்ள’ என்றாள். அடுத்த தையில் போய்ச் சேர்ந்தாள். சுவரில் இருப்பது ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிதாக்கினது. அவள் கை அசைவது வேறு எதிலும் இல்லை. செல்போனில் ஸ்கிரீனைப் படம் பிடித்து வைத்திருந்தாலே போதும், அந்தப் புத்தி அன்றைக்கு வரவில்லை. இப்போது முக்கியமானது எது வந்தாலும் அப்படித்தான் எடுக்கிறேன்.

அம்மாவிடம் சொன்னால், பார்க்க முடியாததை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்பாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் டிக் டிக் என்கிறது, செத்துவிட்டது என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்ததில் வேண்டுமென்றே தப்பாகச் சொன்ன ஒரே ரிப்பேர் இதுதான்.

ஆடி பிறப்பதற்குள் வந்துவிடுவீர்கள் அல்லவா? புதுசு கறுப்பில் வாங்காதே. பீரோவில் இருப்பதும் கறுப்பு. நீலமோ சிவப்போ இருந்தால் எடு, மாறிப்போகக் கூடாது. பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள். குட்டிக்கு முத்தம்.

இப்படிக்கு,
அப்பா