எஸ்தரின் கதையை எங்கிருந்து தொடங்குவது

அன்புள்ள நிலா,

ஆம்ஹர்ஸ்ட் பேய் வீட்டைப் பற்றி நூலகக் கூட்டத்தில் பேசுவதற்காக நீ எழுதி அனுப்பியதைப் படித்தேன். சரளமாக வந்திருக்கிறது. கட்டிலுக்கு அடியிலிருந்த அட்டைப்பெட்டி துள்ளும் இடத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பக்கம் பக்கமாகப் பேயைப் பற்றி எழுதிவிட்டு, அந்த வீட்டில் தொல்லைகளுக்கு நடுவில் இருந்த எஸ்தர் காக்ஸை நாலே வரியில் கடந்துவிட்டாய். கனடாவின் நோவா ஸ்கோஷியா மண்ணில் நின்றுகொண்டு, அவள் ஊருக்குப் பக்கத்து மக்களிடமே பேசப்போகிறாய். அதனால்தான் போனில் சொல்லாமல் விரிவாக எழுதுகிறேன்.

1878இல் எஸ்தருக்குப் பதினெட்டு வயது. பச்சைக் குழந்தையாக இருந்தபோதே தாயை இழந்தவள். தந்தை மறுமணம் செய்துகொண்டு வேறு ஊர் போய்விட்டார். அக்கா ஆலிவும் அவளுடைய கணவர் டேனியல் டீட்டும் பிரின்சஸ் தெருவில் வாடகைக்கு இருந்த வீட்டில் ஒண்டியிருந்தாள். டேனியலுக்குக் காலணித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு சிறு குழந்தைகள், இன்னொரு அக்கா ஜேன், உடன்பிறந்தவன் வில்லியம், டேனியலின் சகோதரர் ஜான் என்று அந்தச் சிறிய வீட்டுக்குள் அத்தனை பேர். ஜேனின் அழகைப் பற்றிப் புகழ்ந்து எழுதியிருக்கிறார்கள். எஸ்தரோ வீட்டு வேலைக்குக் கைகொடுப்பவள். தனக்கென்று ஓர் அறைகூட இல்லை. ஜேனோடு ஒரே கட்டிலில்தான் படுக்கை.

அந்த ஆகஸ்ட் மாதக் கடைசியில், பழக்கமான இளைஞன் பாப் மக்நீல் அவளைக் குதிரை வண்டியில் அழைத்துப் போனான். ஊருக்கு வெளியே காட்டோரம் வண்டியை நிறுத்தி, கீழே இறங்கு என்றான். மறுத்தவளின் நெஞ்சுக்கு நேரே துப்பாக்கியை நீட்டினான். அந்த நேரம் பார்த்து வேறொரு வண்டி வரும் சத்தம் கேட்டிருக்கிறது. கொட்டும் மழையில், நனைந்தவளை அப்படியே வீட்டுவாசலில் கொண்டுவந்து விட்டுவிட்டு ஊரைவிட்டே போய்விட்டான். எஸ்தர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. இரவில் அழுதாள். ஏன் என்று கேட்டும் காரணம் சொல்லவில்லை.

சில நாட்களிலேயே எல்லாம் ஆரம்பித்துவிட்டது. முதலில் படுக்கையில் எலி ஓடுவதுபோல ஏதோ ஒன்று. அடுத்து, ஒட்டுத்துணித் துண்டுகள் போட்டுவைத்திருந்த பெட்டிக்குள் சரசரப்பு. அதை அறையின் நடுவில் வைத்தால் எழும்பி விழுந்ததாம். பிறகு ஓர் இரவு எஸ்தரின் உடல் சிவந்து, வீங்கி, மூச்சு முட்டியது. இடி போன்ற சத்தங்கள் கேட்டதும் வீக்கம் வடிந்தது. பார்க்க வந்த டாக்டர் கேரிட் தூக்க மருந்து கொடுத்தார். அவர் கண்முன்னே சுவரில் எழுத்துகள் தோன்றினவாம்: ‘எஸ்தர் காக்ஸ், நீ என் கையால் சாக வேண்டியவள்.’

இந்த வரியை நீ மயிர்க்கூச்செறிய எழுதியிருக்கிறாய். ஆனால் இது யார் பேசும் பேச்சு என்று ஒரு கணம் யோசித்துப்பார் கண்ணே. காட்டோரத்தில் துப்பாக்கி நீட்டியவனின் பேச்சு இல்லையா? நினைவு தப்பிக் கிடந்த ஒரு வேளையில்தான் அந்த மழைநாள் சம்பவம் அவள் வாயிலிருந்து வெளிவந்தது. பின்னாளில் பேய்க்கும் ஒரு பெயர் கிடைத்தது. அதுவும் ‘பாப்’ தான்.

ஊர் என்ன செய்தது? வேடிக்கை பார்த்தது. வீட்டைச் சுற்றிக் கூட்டம் கூடியது. மின்சாரம்தான் காரணம் என்று ஒரு பாதிரியார் விளக்கினார். டிசம்பரில் எஸ்தருக்குத் தொண்டை அடைப்பான் வந்தது. அது தீர்ந்ததும் பக்கத்து மாகாணமான நியூ பிரன்ஸ்விக்கின் எல்லைக்கு அப்பால் சாக்வில்லில் இருந்த மற்றொரு சகோதரி வீட்டில் தங்கினாள். அங்கே ஒரு சத்தமும் இல்லை! இதை நீ அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறாய். எனக்கோ கதை முழுவதிலும் முக்கியமான செய்தியே இதுதான். திரும்பி வந்ததும் தீ. கூரையிலிருந்து எரியும் தீக்குச்சிகள் விழுந்ததாகச் சொன்னார்கள். மரவீடுகள் நிறைந்த ஊர் அல்லவா, பயம் வரத்தான் செய்யும். அவளை அனுப்பிவிடும்படி வீட்டுக்காரர் நெருக்கினார்.

1879இல் வால்டர் ஹபெல் என்ற நாடக நடிகர் அந்த வீட்டில் வந்து தங்கினார். பிறகு எஸ்தரை மேடையேற்றி, டிக்கெட் போட்டுக் காட்டினார். மேடையில் எதுவும் நடக்கவில்லை, கூட்டம் ஆத்திரப்பட்டது. நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பாலானவை இவர் எழுதி, ஆயிரக்கணக்கில் விற்ற புத்தகத்திலிருந்து வருபவை. அதனால் அவர் கண்டதாகச் சொல்வதை ‘ஹபெல் எழுதுகிறார்’ என்று சொல்லியே பேசு. நடந்த செய்தியாகச் சொல்லிவிடாதே.

கடைசியில் அவள் வேலைக்கிருந்த இடத்தில் கொட்டகை எரிந்தது. தீ வைத்ததாக அவளுக்கு நாலு மாதச் சிறைத் தண்டனை; ஒரு மாதத்தில் விட்டுவிட்டார்கள். தொல்லைகளும் அத்தோடு ஏறக்குறைய அடங்கின. பிறகு மணமாகி, மாசசூசெட்ஸ் மாநிலத்து பிராக்டனில் வாழ்ந்து 1912இல் காலமானாள். ஐம்பதைத் தாண்டி சில வயதுதான்.

எஸ்தரே, தன்னை அறியாத நிலையில் இவற்றைச் செய்திருக்கலாம் என்று வால்டர் பிராங்க்ளின் பிரின்ஸ் என்ற ஆய்வாளர் 1919இல் எழுதினார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. பெண்கள் பள்ளியில் வேலை பார்த்தவள் நான். வீட்டில் சொல்ல முடியாததை மயக்கமாகவும் வலிப்பாகவும் வகுப்பறைக்குக் கொண்டுவந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். தீக்குச்சியைக் கிழித்தது அவள் கைதான் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘மோசடிக்காரி’ என்ற சொல்லை, நீ எழுதியிருக்கும் முடிவுப் பகுதியிலிருந்து எடுத்துவிடு. அந்தச் சொல்லுக்கு அவள் தகுதியானவள் அல்ல.

ஆகஸ்ட் மாத மாலையை முதல் பக்கத்துக்குக் கொண்டுவா. விளக்கை அணைத்துவிட்டு மேசையைத் தட்டிப் பயங்காட்டப்போவதாகக் குறித்திருக்கிறாயே, அதை விட்டுவிடு. சாக்வில்லில் அவள் நிம்மதியாக இருந்த நாட்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்கு. திருத்தியதை ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பினால், நீ பேசப் போவதற்கு முன் படித்துவிடுவேன். அப்பாவும் படிக்கக் கேட்கிறார்.

அன்புடன்,
அம்மா