உப்புக்காற்றில் ஓடும் முதல் வண்டி: மோட்டார் சைக்கிள் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

குறைந்த விலை மோட்டார் சைக்கிள்களைத் தயாரிக்கும் நிறுவனங்களின் வடிவமைப்புப் பிரிவினருக்கும், தரக் கட்டுப்பாட்டுப் பொறுப்பாளர்களுக்கும், கடலோர மாவட்டங்களில் அவற்றை விற்கும் முகவர்களுக்கும்,

வணக்கம்.

தூத்துக்குடி, இராமேசுவரம், நாகப்பட்டினம் போன்ற ஊர்களில் 100 சிசி அல்லது 110 சிசி வண்டி ஒன்றைத் தவணையில் வாங்கி ஓட்டுகிறவர்கள் எல்லாரும் அறிந்த ஒரு குறையை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். இங்கே என்ஜின் நல்ல நிலையில் இருக்கும்போதே வண்டியின் உடம்பு துருவில் போய்விடுகிறது. வாங்கிய முதல் மழைக்காலத்திலேயே ஸ்போக்குகளிலும் சாரி கார்டிலும் செம்புள்ளிகள் தோன்றுகின்றன. பிறகு சைலன்சரின் வெல்டிங் ஓரம், சென்டர் ஸ்டாண்ட், ஃபுட்ரெஸ்ட் கம்பி, பேட்டரி வைக்கும் தட்டு என்று அது பரவுகிறது. 15 ஆண்டுகளுக்குப் பதிவு செய்யப்படும் ஒரு வாகனம் தவணை முடிவதற்கு முன்பே கிழடு தட்டிப்போவதும், விற்கப் போகும் இடத்தில் அதைக் காட்டியே விலை குறைக்கப்படுவதும், அந்த வண்டியை நம்பித் தொழிலுக்குப் போகும் குடும்பத்துக்குச் சிறிய இழப்பு அன்று.

எங்கள் காற்றின் தன்மையை முதலில் சொல்ல வேண்டும். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்து நீராகிவிடும். கடலுப்பில் அத்துடன் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடோ ஏறத்தாழ 33 விழுக்காடு ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். ஆகவே கொண்டல் காற்று கொண்டுவந்து படிய வைத்த உப்புத்தூள் ஒரு முறை இரும்பின்மேல் ஒட்டிக்கொண்டால், ஒரு சொட்டு மழை பெய்யாத மாதத்திலும் அந்த இரும்பு இரவு முழுவதும் உப்புநீரில் நனைந்தே கிடக்கிறது. வண்டியை மழையில் விடாமல் தாழ்வாரத்தில் நிறுத்திப் பாதுகாப்பதாக நம்புகிறவர் உண்மையில் ஏமாந்துபோகிறார். மழையாவது அவ்வப்போது உப்பைக் கழுவிவிடும், தாழ்வாரத்தில் அந்த வாய்ப்பும் இல்லை.

இந்தக் காற்றின் கொடுமை நாட்டுக்குத் தெரியாத செய்தியும் அன்று. 1914இல் திறக்கப்பட்ட பாம்பன் இரயில் பாலம் காலமெல்லாம் அரிப்போடு போராடி, 2022 டிசம்பரில் போக்குவரத்தையே நிறுத்த வேண்டிய நிலைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும், அரிப்பைத் தாங்கும் பாலிசிலாக்சேன் பூச்சும் பயன்படுத்தப்பட்டன. காரைக்குடியில் 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், பாம்பனுக்கு அருகே மண்டபத்தில் அரிப்புச் சோதனைக்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. ஓசூரிலும் ஒரகடத்திலும் மோட்டார் சைக்கிள் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. அங்கிருந்து மண்டபம் ஒரு நாள் பயணத்தில் எட்டிவிடக்கூடிய தொலைவுதான். ஆய்வகத்துப் பெட்டிக்குள் 35 டிகிரி வெப்பத்தில் 5 விழுக்காடு உப்புநீரை இடைவிடாமல் தெளிக்கும் சோதனை ஒரு பூச்சை இன்னொரு பூச்சோடு ஒப்பிடப் பயன்படும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பகலில் வெயிலில் காய்ந்து, இரவில் உப்பு கசிந்து, மறுநாள் மீண்டும் காயும் ஒரு வண்டியின் வாழ்க்கையை அது காட்டாது.

உங்கள் மிக மலிவான வண்டிகளை இங்கே வாங்குகிறவர்கள் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். விடியற்காலையில் மீன்பிடித் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, ஐஸ் போட்ட பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகும் மீன் வியாபாரியின் வண்டியில், உருகும் ஐஸ் தண்ணீர் மீனின் உப்போடு சேர்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின்மேலும் செயின்மேலும் சூடான சைலன்சர்மேலும் நாள்தோறும் சொட்டுகிறது. உப்பளத் தொழிலாளி தம் வண்டியைப் பாத்திக்கரையிலேயே நிறுத்துகிறார். மிகக் கடுமையான சூழலில் ஓடும் வண்டிக்குத்தான் மிக மெல்லிய பூச்சு கிடைக்கிறது என்பதே என் முதன்மையான முறையீடு.

எல்லாவற்றையும் துருப்பிடிக்காத எஃகில் செய்து தாருங்கள் என்று கேட்கவில்லை. ஆயிரம் ரூபாய் கூடினாலும் வாங்குபவர் அடுத்த கடைக்குப் போய்விடும் சந்தை இது என்பதை அறிவேன். விலையை அதிகம் தொடாமல் செய்யக்கூடியவை பல உள்ளன. வண்டியின் சட்டகமான சேஸிஸ் குழாய்களின் உட்புறமும் ஸ்விங் ஆர்மின் உட்புறமும் வெளியே தெரியாத காரணத்தாலேயே கவனிக்கப்படாமல் விடப்படுகின்றன. அங்கே தேங்கும் தண்ணீர் வழிந்தோட அடிப்பக்கத்தில் ஒரு துளையும், உள்ளே மெழுகுப் பூச்சு ஒரு முறையும் போதும். வெல்டிங் ஓரங்களில் பெயின்ட் மெலிந்து நிற்பதால் துரு முதலில் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்த ஓரங்களை மட்டும் கூடுதலாக ஒரு முறை பூசலாம். குரோம் முலாம் பளபளப்புக்காகத் தரப்படும் மிக மெல்லிய படலம் என்பதும், காப்பது அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் என்பதும் நீங்கள் அறியாததன்று. அந்த நிக்கலைக் குறைத்துவிட்டு மேலே மினுக்கம் காட்டுவதைவிட, கறுப்புப் பெயின்ட் அடித்த ரிம்மே கடலோரத்துக்கு நல்லது. சாரி கார்டு 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆம் விதி கட்டாயமாக்கியிருக்கும் பாதுகாப்புச் சாதனம். அதைத் தரம் பார்க்காமல் வாங்கி மாட்டும் துணைப்பொருளாகக் கருதலாகாது.

பெட்ரோல் டேங்க் பற்றியும் ஒரு வார்த்தை. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. 2020 ஏப்ரலில் புகை மாசைக் கட்டுப்படுத்தும் பிஎஸ் 6 விதி வந்தபின், பெட்ரோலைப் பம்ப் மூலம் பீச்சும் ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் சிறிய வண்டிகளிலும் பரவிவிட்ட நிலையில், டேங்க்குக்குள் உதிரும் துரு பம்ப்பின் வடிகட்டியை அடைத்தால் செலவு பெரிது. உட்புறப் பூச்சில் சிக்கனம் வேண்டாம்.

முகவர்களுக்கு இனி. புதிய வண்டிகளைத் திறந்த மனையில் வெயிலிலும் உப்புக்காற்றிலும் நிறுத்தி வைத்துவிட்டு, டெலிவரிக்கு முன் துடைத்துக் கொடுப்பது முறையன்று. டெஃப்லான் கோட்டிங் என்று தனியாகப் பணம் பெற்று நீங்கள் மெருகேற்றுவதில் பெரும்பகுதி சைடு பேனல், ஹெட்லைட் உறை போன்ற பிளாஸ்டிக் பாகங்களே. துருப்பிடிக்கவே முடியாத பாகத்துக்குப் பாதுகாப்பு விற்று, துருப்பிடிக்கும் அடிப்பகுதியைத் தொடாமல் விடுவது முதன்முறை வண்டி வாங்கும் இளைஞரின் அறியாமையைப் பயன்படுத்திக்கொள்வதாகும். அதே உழைப்பை மட்கார்டின் உட்புறத்திலும், ஸ்டாண்ட் ஸ்பிரிங்கிலும், போல்ட் நட்டுகளிலும் செலுத்துங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் கேட்பது ஒரு தாள். வண்டியோடு தரும் கையேட்டில் கடலோரப் பராமரிப்புக்கென்று தெளிவான தமிழில் ஒரு பக்கம் வேண்டும். கடலோரத்தில் போர் தண்ணீரே உப்பாக இருப்பதால், அதில் கழுவினாலும் கடைசி அலசலை நல்ல தண்ணீரில் முடிக்க வேண்டும் என்று அதில் இருக்கட்டும். வாட்டர் வாஷ் கடையின் அழுத்தமான பீச்சலைச் செயினுக்கும் வீல் பேரிங்குக்கும் நேராகக் காட்டக்கூடாது என்பதும், சூடான சைலன்சர்மேல் தண்ணீர் ஊற்றாமல் ஆறவிட்டுக் கழுவ வேண்டும் என்பதும், கழுவிய பின் துடைத்து, சற்று ஓட்டிக் காயவிட்டு, செயினுக்கு உடனே லூப் எனப்படும் மசகு எண்ணெய் போட வேண்டும் என்பதும் இடம்பெற வேண்டும். அடிப்பகுதியில் பழைய என்ஜின் ஆயில் பூசும் வழக்கத்தைக் கைவிடச் சொல்லுங்கள். அது மண்ணைப் பிடித்து வைக்கும், அதிலுள்ள அமிலத்தன்மை இரும்புக்கு நன்மையும் செய்யாது. ஈரமான வண்டியைப் பிளாஸ்டிக் தார்ப்பாயால் மூடுவது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைப்பது. காற்றுப் புகும் துணி உறையே ஏற்றது. கீறல் விழுந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, துத்தநாகம் கலந்த பிரைமர் தடவி, மேலே பெயின்ட் அடிக்க ஒரு விடுமுறை நாள் காலை போதும். குரோம் பாகங்களில் மெழுகோ மெல்லிய எண்ணெயோ பூசும்போது பிரேக்கிலும் டயரிலும் படாமல் பார்க்க வேண்டும் என்ற எச்சரிக்கையைப் பெரிய எழுத்தில் இடுங்கள். கடைக்கும் வீட்டுக்குமாக மட்டுமே ஓடும் வண்டியில் சைலன்சர் சூடேறாமல், புகையோடு வரும் நீராவி உள்ளேயே தண்ணீராகத் தங்கி அதை அரித்துவிடுகிறது என்பதையும், வாரம் ஒரு முறை கொஞ்சம் தொலைவு ஓட்டினால் அது காயும் என்பதையும் இங்கே பலருக்கு யாரும் சொன்னதில்லை.

துரு வாரண்டியில் அடங்காது என்ற வரி பல கையேடுகளில் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கிறது. பொருளின் தரத்தை அறியும் உரிமையை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாங்குபவருக்குத் தந்திருக்கிறது. ஆகவே அந்த வரியைக் கையெழுத்துப் பெறுவதற்கு முன் வாயால் சொல்லுங்கள். கடலோர மாவட்டங்களில் மட்டுமாவது, முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சேஸிஸிலும் பெட்ரோல் டேங்கிலும் தோன்றும் துருவை நீங்களே பொறுப்பேற்றுச் சரிசெய்து தர வேண்டும் என்றும் கோருகிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். நான் சொன்ன அந்த ஒரு பக்கத்தை அதற்கு முன் அச்சிட்டு, தூத்துக்குடி முதல் கடலூர் வரையுள்ள ஷோரூம்களிலும் சர்வீஸ் சென்டர்களிலும் கிடைக்கச் செய்ய இயலும். உங்கள் மிகக் குறைந்த விலை வண்டி ஒன்றை ஓராண்டு மண்டபத்துக் காற்றில் நிறுத்திப் பார்த்து, எந்தப் பாகம் முதலில் துருவேறியது என்பதை வெளியிடுவதற்கும் பெரிய செலவு ஆகாது. இவ்விரண்டில் எதை எப்போது செய்வீர்கள் என்ற பதிலை எதிர்பார்க்கிறேன்.

இங்ஙனம்,
தூத்துக்குடி மாவட்டக் கடலோரத்தில் வண்டி ஓட்டும் ஒருவர்