ஒரு பாதையை அடைத்தால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

செல்களுக்குள் 'வளர்', 'பெருகு' போன்ற கட்டளைகளைக் கடத்தும் சமிக்ஞைப் பாதைகளைக் குறிவைக்கும் புற்றுநோய் மருந்துகள் பற்றிய தங்கள் கட்டுரையை வரவேற்கிறேன்; ஆயினும் அவை நோயை வேரோடு களைந்துவிடும் என்று எழுதியிருப்பது, நோயாளிகளிடம் அளவுக்கு மீறிய நம்பிக்கையை வளர்த்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோயில், 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டுகளை மாற்றிக்கொள்வதால் உருவாகும் பிசிஆர்-ஏபிஎல் புரதம், 'பெருகு' என்ற கட்டளையை ஓயாமல் பிறப்பித்துக்கொண்டே இருக்கிறது. அப்புரதத்தில், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி அமரும் குழிவில் தான் அமர்ந்துகொண்டு அக்கட்டளையை நிறுத்தும் இமாட்டினிப், 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது முதல் எண்ணற்றோரின் ஆயுளை நீட்டித்திருக்கிறது. ஆனால் அதே புரதத்தின் 315-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் போய் ஐசோலியூசின் என்ற மற்றொன்று வந்துவிட்டால், அந்த ஒற்றை மாற்றமே மருந்தை உள்ளே நுழையவிடாமல் தடுத்துவிடுகிறது.

பெருக்கக் கட்டளையைக் கடத்தும் பிஆர்ஏஎஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் மருந்துகளின் அனுபவம் இன்னும் முக்கியமானது. மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் கட்டிகளைச் சுருங்கச் செய்த வெமுராஃபெனிப், வி600இ என்ற அதே பிஆர்ஏஎஃப் மரபணுத் திரிபு கொண்ட பெருங்குடல் புற்றுநோயில் தனித்துக் கொடுத்தபோது பெரிதாகப் பலன் தரவில்லை. பிஆர்ஏஎஃப் அடைபட்டதும் அங்கே, செல்லின் மேற்பரப்பில் வளர்ச்சிக் கட்டளையைப் பெறும் இஜிஎஃப்ஆர் ஏற்பி விழித்துக்கொண்டு சமிக்ஞையை மீண்டும் ஓடவிடுகிறது. இரண்டையும் ஒருசேரத் தடுக்கும் கூட்டுச் சிகிச்சை அதனால்தான் பிறந்தது.

கட்டியின் மரபணுப் பரிசோதனை முடிவதற்கு முன்பே இம்மருந்துகளைக் கேட்டு மருத்துவரை நெருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்காகவேனும் இவ்விவரங்களை அடுத்த கட்டுரையில் விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்