ஸ்கேட்போர்டுன்னா அந்தரத்துல குட்டிக்கரணம் மட்டும் இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல வந்த ஸ்கேட்போர்டிங் கட்டுரைய படிச்சேன். நல்லாத்தான் இருந்துச்சு, டோக்கியோ ஒலிம்பிக்ல 13 வயசு மோமிஜி நிஷியா தங்கம் அடிச்சதுல ஆரம்பிச்சு பாரிஸ் வரைக்கும் கோர்வையா சொல்லிட்டு வந்தாரு எழுதினவரு. ஆனா ரெண்டு இடத்துல எனக்கு அவர்கூட சண்டை இருக்கு. இது சின்னப் பசங்க ஆட்டம்னு ஒரே போடா போட்டது ஒண்ணு. கோடிக்கணக்குல கொட்டி, குழியும் மேடுமா ஸ்கேட்போர்டுக்குன்னே கட்டற கான்கிரீட் பார்க் வராத வரைக்கும் நம்ம ஊர்ல ஸ்கேட்போர்டு போட்டியெல்லாம் கனவுதான்னு பெருமூச்சு விட்டது இன்னொண்ணு.

வயசு விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ல பிரிட்டனுக்காக பார்க் பிரிவுல இறங்கின ஆண்டி மெக்டொனால்டுக்கு வயசு 51. அதே ஒலிம்பிக்ல சீனாவுல இருந்து வந்த ஜெங் ஹவ்ஹவ்வுக்கு 11. கட்டுரையில அந்தப் பொண்ணு இருக்கா, மனுஷன் இல்ல.

ரெண்டாவதுதான் பெரிய விஷயம். நான் குடும்பத்தோட இருக்கறது அமெரிக்காவுல சான் டியேகோ பக்கம். என் பொண்ணு புண்ணியத்துல இங்க நடக்கற ஸ்லாலம் ரேஸுக்கு நானும் போயிட்டு வர்றேன், ஓட்டறதுக்கு இல்ல, கோன் எடுத்து வைக்கறதுக்கு. ஸ்லாலம்னா வேற ஒண்ணும் இல்ல, சரிவான ரோட்டுல வரிசையா பிளாஸ்டிக் கோன் வச்சிருப்பாங்க, ஒண்ணுக்கு இடப்பக்கம் அடுத்ததுக்கு வலப்பக்கம்னு பலகைய வளைச்சு வளைச்சு கீழ போய்ச் சேரணும், யாரு கம்மி நேரத்துல போறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. பனிச்சறுக்குல பாத்திருப்பீங்க, அதே சங்கதிதான், பனிக்கு பதிலா தார் ரோடு. மார்க் போட ஜட்ஜ் கிடையாது, ஸ்டைல் நல்லாருக்கு இல்லன்னு யாரும் வாயத் திறக்க முடியாது, கடிகாரம் என்ன சொல்லுதோ அதுதான்.

இதுக்கு என்ன வேணும்னு கேட்டா, ஞாயித்துக்கிழமை காலையில காலியா கிடக்கற ஒரு ஆபீஸ் வளாகத்து ரோடு, அதுக்கு முறையா வாங்கின அனுமதி, கோன், சாக்பீஸ், ஒரு டைமர், கடைசியில நிக்க முடியாம வர்றவங்கள தாங்கறதுக்கு வைக்கோல் கட்டு, அவ்வளவுதான். ஹெல்மெட் இல்லாம யாரையும் கோட்டுல நிக்க விடமாட்டாங்க, அதுல மட்டும் ரொம்ப கண்டிப்பு. எங்க டைமர் ஸ்டார்ட் கோட்டுல சக்கரம் ஏறினதும் ஓட ஆரம்பிக்கும், கீழ ஒளிக்கற்றைய தாண்டினா நின்னுடும். விடிகாலையில வந்து துடைப்பத்தால ரோட்டப் பெருக்கறதுதான் முதல் வேலை, ஏன்னா ஒரு பொடிக்கல்லு போதும் ஆள தூக்கி அடிச்சிடும்.

அப்புறம் ஒருத்தர் டேப்ப பிடிச்சு அளந்துகிட்டே போவாரு, இன்னொருத்தர் பின்னாடியே கோன வச்சு அதோட அடியச் சுத்தி சாக்பீஸால வட்டம் போட்டுகிட்டே போவாரு. அந்த வட்டத்துலதான் சட்டமே இருக்கு. கோன் சாஞ்சாலோ, வட்டத்த விட்டு முழுசா வெளிய போனாலோ அது அடிச்சதா கணக்கு. லேசா நகர்ந்து கோட்டத் தொட்டுகிட்டு நின்னா தப்பிச்சாங்க. அடிச்ச ஒவ்வொரு கோனுக்கும் பத்துல ஒரு பங்கு செகண்ட் கூட்டுவோம். கேக்க சின்னதா இருக்கும், ஆனா 18.2 செகண்ட்ல பறந்து வந்தவன் அஞ்சு கோன சாச்சிருந்தா 18.7 ஆயிடும், 18.6ல ஒண்ணக்கூட தொடாம அமைதியா வந்த 60 வயசு அம்மா ஜெயிச்சிடுவாங்க. ரொம்ப அடிச்சா அந்த ஓட்டமே செல்லாது. இங்க என் மாதிரி ஆளுங்க ரோட்டோரமா குந்திகிட்டு, ஆள் தாண்டினதும் ஓடிப்போய் கோன திரும்ப வட்டத்துல வச்சுட்டு எத்தனை விழுந்துச்சுன்னு விரல்ல காட்டணும். வாக்குவாதம் வரும், வராம இருக்குமா, நான் தொடவே இல்ல காத்துல விழுந்துச்சுன்னு சொல்றவங்க எல்லா ஊர்லயும் உண்டு.

முதல்ல எல்லாருக்கும் தனித்தனியா டைம் எடுத்து வரிசைப்படுத்துவாங்க, அதுக்கப்புறம் ரெண்டு ரெண்டு பேரா பக்கத்து பக்கத்து லேன்ல விடுவாங்க. ஒரு தடவை ஓடினதும் லேன் மாத்தி இன்னொரு தடவை, ரோடு ஒரு பக்கம் வேகமா இருந்துச்சுன்னு சாக்கு சொல்லக்கூடாதில்ல. ரெண்டு ஓட்டத்தையும் சேத்து பாத்து தோத்தவரு வெளிய. வெளியன்னா வீட்டுக்கு இல்ல, கோன் எடுக்க வந்துடணும். எனக்கு இந்த விளையாட்டுல ரொம்ப பிடிச்ச சட்டம் இதுதான், எழுதி வைக்கலன்னாலும் எல்லாரும் கடைப்பிடிக்கறாங்க.

கட்டுரை எழுதினவரு சரிவு ரோடு நம்ம பக்கம் எங்க இருக்குன்னு கேக்கலாம். ஊட்டி, ஏற்காடு எல்லாம் இருக்கு, அங்க வண்டி போற ரோட்டுல போய் ஓட்டுங்கன்னு நான் சொல்லல, அது உசுருக்கு ஆபத்து. ஆனா சரிவே இல்லாமலும் இத ஓட்டலாம். ஆறடிக்கு ஒண்ணா நெருக்கமா கோன் வச்சா, ஊஞ்சல்ல நின்னுகிட்டு உந்தி உந்தி வேகம் ஏத்துவோமே, அந்த மாதிரி ஒவ்வொரு திருப்பத்துலயும் இடுப்பையும் முட்டியையும் வச்சு பலகைய உந்தியே வேகம் எடுக்கலாம், கால தரையில வைக்கவே வேண்டாம். ஆரம்பத்துல ஒரு தள்ளு வேணும்னா மரச்சட்டம் பிளைவுட்ல ஒரு சாய்வுப் பலகை செஞ்சு வச்சு அதுல இருந்து இறங்குவாங்க. சமதரையா கிடக்கற ஊர்க்காரங்க பண்றது இதுதான். கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடலோரத்துல ஸ்கேட்போர்டு ஓட்டற பசங்க ஏற்கனவே இருக்காங்க, தச்சு வேலை தெரிஞ்ச ஆளும் ஊருக்கு ஊர் இருக்காங்க. வரிசையா கோன் வச்சு பாக்கறதும் நமக்கு புதுசு இல்ல, ரோலர் ஸ்கேட்டிங் கிளாஸுக்கு பிள்ளைய அனுப்பற எந்த அப்பா அம்மாவக் கேட்டாலும் சொல்லுவாங்க. இன்லைன் ஸ்பீடு ஸ்கேட்டிங்ல நம்ம ஆனந்த்குமார் வேல்குமார் 2025ல உலக சாம்பியனே ஆயிட்டாரு. பலகை வேற ஷூ வேறதான், ஆனா சக்கரத்துக்கும் நமக்கும் ஆகாதுன்னு யாரும் சொல்ல முடியாது.

பலகையும் கடையில தொங்கற சாதாரண ஸ்கேட்போர்டு இல்ல. குறுகலா இருக்கும், பாதம் வழுக்காம இருக்க முன்னாடி சின்னதா ஒரு தடுப்பு இருக்கும். முன் சக்கர அச்சு நல்லா திரும்பற மாதிரியும் பின் அச்சு கம்மியா திரும்பற மாதிரியும் வேற வேற கோணத்துல பூட்டுவாங்க, முன்னாடி பென்னட் கம்பெனி அச்சு பின்னாடி டிராக்கர் கம்பெனி அச்சுன்னு பழைய ஆளுங்க இன்னும் கலந்து கட்டி ஓட்டறாங்க. இத ஆரம்பிச்சா இவங்க பேச்ச நிறுத்த முடியாது, ஸ்க்ரூவ கால் சுத்து இறுக்கறதா வேண்டாமான்னு அரை மணி நேரம் ஓடும். இதெல்லாம் பிறகு பாத்துக்கலாம், ஆரம்பிக்க எந்தப் பலகையா இருந்தாலும் போதும்.

சரி, இவ்வளவு எளிமையான விளையாட்டு ஏன் யாருக்கும் தெரியலன்னு நான் ரொம்ப யோசிச்சிருக்கேன். ஒரு காலத்துல இதுவும் பிரதான ஆட்டத்துல ஒண்ணு. 70கள் தொடக்கத்துல ஃபிராங்க் நாஸ்வொர்த்தின்னு ஒருத்தர் யூரித்தேன்ங்கற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக்ல செஞ்ச சக்கரத்த ஸ்கேட்போர்டுக்கு கொண்டு வந்தாரு, அதுக்கு முன்னாடி களிமண் கலவைச் சக்கரம், பிடிமானமே கிடையாது. சக்கரம் தரையப் பிடிச்சதும் வளைஞ்சு ஓட்டறது சாத்தியமாச்சு. 1975ல இங்க டெல் மார்ல நடந்த பெரிய போட்டியில ஸ்லாலமும் ஒரு பிரிவு. பக்கத்துலயே லா கோஸ்டான்னு ஒரு இடம், மனை பிரிச்சு வழவழன்னு தார் ரோடு போட்டுட்டாங்க ஆனா வீடு இன்னும் வரல, அந்த ரோட்டுலதான் வாராவாரம் கூடி கோன் வச்சு ஓட்டிகிட்டு இருந்தாங்க. அதாவது பார்க் எல்லாம் வர்றதுக்கு முன்னாடியே ரோட்டுல போட்டி வந்தாச்சு. அதுக்கப்புறம் 1976லதான் லா கோஸ்டா இருக்கற அதே கார்ல்ஸ்பாட் ஊர்ல கான்கிரீட் ஸ்கேட்பார்க் திறந்தாங்க. கட்டுரை இந்த வரிசையத்தான் தலைகீழா பிடிச்சிருக்கு.

பார்க் வந்ததும் எல்லாரும் குழிக்குள்ள இறங்கி மேல பறக்க ஆரம்பிச்சாங்க. ஸ்லாலம்ல சாம்பியனா இருந்த ஹென்றி ஹெஸ்டரே 1978ல அந்த குழிப் போட்டிக்கு ஒரு தொடர் நடத்தினாரு, அப்புறம் யாரச் சொல்லி என்ன. ஆனா என் அபிப்பிராயம், ஸ்லாலத்த கவுத்தது பார்க்கு இல்ல, ஃபோட்டோ. அந்தரத்துல தொங்கற ஆள எடுத்தா பத்திரிகை அட்டைக்கு ஆச்சு, கோனுக்கு பக்கத்துல முட்டிய மடக்கி நிக்கற ஆள எடுத்தா எவன் வாங்குவான். வேகம் ஃபோட்டோல தெரியாது, பத்துல ஒரு பங்கு செகண்ட் சுத்தமா தெரியாது. உங்க கட்டுரையோட வந்த படங்களையே பாருங்க, ஒருத்தர் காலாவது தரையில இருக்கா?

அதனால 80கள்ல பார்க்கெல்லாம் இன்சூரன்ஸ் தொல்லையால மூடினப்பவும் யாரும் ஸ்லாலத்துக்கு திரும்பல, அங்கங்க கொஞ்சம் பேரு மட்டும் விடாம ஓட்டிகிட்டு இருந்தாங்க. 2000த்த ஒட்டி பழைய ஆளுங்க ஒருத்தர ஒருத்தர் தேடிப் பிடிச்சு மறுபடி கூடினாங்க, 1976லயே அமெரிக்காவ ஸ்கேட்போர்டுல குறுக்கால கடந்த ஜேக் ஸ்மித், மோரோ பே ஊர்ல ரேஸ் நடத்தி இத எழுப்பி விட்டதுல முக்கியமானவரு. இப்ப ஐரோப்பாவுலயும் நல்லா நடக்குது, லாட்வியா மாதிரி சின்ன நாட்டுல இருந்து ஜானிஸ் குஸ்மின்ஸ் மாதிரி உலக அளவுல ஜெயிக்கறவங்க வர்றாங்க. பரிசுப் பணம்னு பெருசா எதுவும் கிடையாது, அதுக்காக யாரும் வர்றதும் இல்ல. காசு வந்தா நல்லாருக்குமான்னு கேட்டா எங்க ரேஸ்ல பாதிப் பேரு ஆமாம்பாங்க, நான் வேண்டாம்பேன், காசு வந்தா தோத்தவன் கோன் எடுக்க வரமாட்டான்.

நான் கேக்கறது ஒரே ஒரு பக்கம் சார். ஒலிம்பிக்ல இல்லாத, ஜட்ஜ் இல்லாத, பார்க் தேவைப்படாத ஒரு ஸ்கேட்போர்டு போட்டி இருக்குன்னு நம்ம ஊர் பசங்களுக்கு தெரிய ஒரு பக்கம். படம் வேணுமேன்னு உங்க ஆளுங்க இழுப்பாங்கன்னு தெரியும். இந்தப் பக்கம் யாராவது வந்தா சொல்லுங்க, ஃபோட்டோகிராபர பினிஷ் கோட்டுல நிக்க வேண்டாம்னு சொல்லிடுங்க, அங்க எல்லாரும் பிரேக் போடற மூஞ்சியோடதான் வருவாங்க. பாதி தூரத்துல, கோன் நெருக்கமா இருக்கற இடத்துல தரையோட தரையா உக்காந்தா நல்ல படம் சிக்கும். அங்கதான் நானும் குந்திகிட்டு இருப்பேன். அவர் பக்கமா கோன் உருண்டு வந்தா எடுத்து வட்டத்துக்குள்ள வச்சிடச் சொல்லுங்க, எண்ணிக்கைய நான் பாத்துக்கறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
சான் டியேகோ, கலிஃபோர்னியா