நிழல் தாங்கல் திருப்பணி நிறைவு: உறுப்பினர்களுக்குக் குழுவின் அறிக்கை

அய்யா துணை

அய்யா வைகுண்டரின் வழியில் வழிபடும் இடமான நம் தாங்கலின் அன்புக்கொடி மக்கள், அதாவது அய்யா வழியினர் அனைவருக்கும் குழுவின் வணக்கம்.

சித்திரையில் கையில் எடுத்த திருப்பணி தை மாதக் கடைசியில் நிறைவடைந்தது. மாசி 20, அய்யா அவதார நாளுக்கு முன்பே பள்ளியறை என்னும் கருவறை திறந்து, பணிவிடை என்னும் அன்றாட வழிபாடு தொடங்கிவிட்டது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் உறுப்பினர்கள் என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். உள்ளூரில் இருப்பவர்களுக்கும் சில முடிவுகளின் காரணம் முழுதாகத் தெரியாது. அதனால்தான் இந்த அறிக்கை கொஞ்சம் விரிவாக இருக்கிறது.

முதலில், வேலையை ஏன் தொடங்கினோம் என்பது. முன்மண்டபத்தின் கான்கிரீட் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழ ஆரம்பித்தது எல்லோருக்கும் தெரியும். நம் புனித ஏடான அகிலத்திரட்டை வாசிக்கும்போது குழந்தைகள் உட்காரும் இடத்தில் ஒரு துண்டு விழுந்தது. நல்லவேளை அப்போது அங்கே யாரும் இல்லை. பொறியாளரை அழைத்து வந்து காட்டினோம். கடல் நம்மிடமிருந்து கூப்பிடு தூரம்தான். உப்புக்காற்று கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக உள்ளே போய்க் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு கம்பியைவிடப் பல மடங்கு அதிக இடத்தை அடைக்கும். உள்ளே இடம் இல்லாததால் மேலே மூடியிருக்கும் காரையைப் பிளந்துகொண்டு வரும். பூசி மறைத்தால் இரண்டு மழைக்குத் தாங்கும், அப்புறம் மறுபடி இதே கதைதான் என்றார். எனவே கூரையை முழுதாக இறக்கிவிட முடிவு செய்தோம்.

அதற்குப் பதில் என்ன போடுவது என்பதில்தான் குழுவுக்குள் நீண்ட பேச்சு நடந்தது. மறுபடியும் வார்ப்புக் கூரையே போட்டு, முகப்பில் ஒரு கோபுரமும் எழுப்பலாம் என்று சிலர் ஆசைப்பட்டார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அய்யா காட்டிய வழியில் சிலைக்கும் இடமில்லை, பெருங்கட்டடத்துக்கும் அவசியமில்லை. செட்டிகுடியிருப்பு, பாலூர், வடலிவிளை போன்ற ஊர்களில் அய்யாவின் காலத்திலேயே எழுந்த தாங்கல்கள் எல்லாம் எளிய இடங்கள்தான். மக்கள் கூடி அமர, படிக்க, பசியாற ஒரு நிழல். பெயரே அதைச் சொல்கிறது. எனவே பள்ளியறைக்கு ஏற்கெனவே இருப்பதைப் போல முன்மண்டபத்துக்கும் கூரையைத் தாங்கும் பனங்கைமரமும் மங்களூர் ஓடும் என்று முடிவானது.

பள்ளியறையின் ஓடுகளை இறக்கியபோது பழைய கைமரங்களை ஆசாரி ஒவ்வொன்றாகச் சோதித்தார். முற்றிய பனையில் வெளிப்பக்கம்தான் வைரம். நடுவில் இருப்பது மெத்தென்ற சோற்றி. ஆசாரி உளியின் பின்புறத்தால் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். சத்தம் கணீரென்று வந்தால் ஒதுக்கி வைப்பார், மந்தமாக வந்தால் விறகுக்கு. கருத்து மினுமினுத்த ஒரு கையைத் தடவிக்கொண்டே, "அண்ணாச்சி, இது நம்ம பேரப்பிள்ளைகளையும் பாத்துட்டுத்தான் போவும்" என்றார். பாதிக்கு மேல் பழைய மரங்களே மறுபடி ஏறியிருக்கின்றன. பனையேறிகளின் ஊரில், பனை ஏறுவதற்கே வரி கொடுத்தவர்களின் பிள்ளைகள் கட்டிய தாங்கல் இது. அந்த மரங்கள் அங்கேயே நிற்பது எங்களுக்குப் பெரிய மனநிறைவு.

பணம் திரட்டிய விதத்தைப் பற்றிச் சிலர் வருத்தப்பட்டீர்கள். நம் மாவட்டத்தில் ஊர்க்கோவில் வேலை என்றால் வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுவதுதான் வழக்கம். அப்படிப் போட்டிருந்தால் வேலை ஐப்பசி மழைக்கு முன்பே முடிந்திருக்கும் என்பது உண்மைதான். குழு அதைச் செய்யவில்லை. வரி போட்டால் கொடுக்க முடியாதவர் என்று ஒரு கூட்டம் உண்டாகும். நோட்டில் அவர்கள் பெயருக்கு நேரே பாக்கி என்று விழும். பாக்கி உள்ளவர் திருவிழாவுக்கு வந்தால் ஓரமாய் நிற்பார், பிறகு வராமலே இருந்துவிடுவார். அய்யா பிறந்த 1809-ல் திருவிதாங்கூரில் நம் முன்னோர் நிலை என்ன என்று நமக்குத் தெரியும். தலைவரி உண்டு. தலைப்பாகை கட்டக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. கூலியில்லாத ஊழியம் செய்ய வேண்டும். அந்த வரிகளையும் ஊழியத்தையும் எதிர்த்துப் பேசியதற்காகத்தான் அய்யா சிறையில் அடைக்கப்பட்டார். அவர் பெயரில் இருக்கும் தாங்கலில் நாமே வரி போடுவது எப்படிச் சரியாகும்? காணிக்கை வேண்டாம் என்று சொன்ன அய்யாவுக்கு வரி மட்டும் ஆகுமா? அதனால் மனசுபோல் கொடுங்கள் என்று மட்டும் சொன்னோம். பணமாக வந்தது, ஓடாக வந்தது, அரிசியாக வந்தது. ஒரு பாட்டி, கருப்பட்டி விற்ற காசு என்று முடிச்சை அவிழ்த்து வைத்துவிட்டு ரசீதுகூட வாங்காமல் போனார். ரசீதை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

ஊழியம் என்று சொன்னதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொத்தனார்களும் சித்தாள் பெண்களும் சிலர், அய்யாவுக்குச் செய்கிற வேலைக்குக் கூலி வேண்டாம் என்றார்கள். அவர்கள் பக்தியைக் கையெடுத்துக் கும்பிடுகிறோம். ஆனால் அன்றாடக் கூலியில் அடுப்பு எரிகிறவர்களிடம் கூலியில்லாமல் ஒரு நாள்கூட வேலை வாங்குவதில்லை என்று குழு உறுதியாக நின்றது. ஒவ்வொரு சனிக்கிழமையும் மாலை விளக்கு வைப்பதற்கு முன் கூலி கையில் கொடுக்கப்பட்டது. அதில் ஒரு பகுதியை அவர்கள் பின்னால் தாங்கலுக்குத் தந்தால் அது அவர்கள் இஷ்டம், அவர்கள் தர்மம். மண் சுமந்தது, ஓடு அடுக்கியது, கல் பொறுக்கியது போன்ற வேலைகளில் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளும், அலுவலகம் போகிறவர்களும் ஞாயிறுதோறும் சேர்ந்துகொண்டார்கள். அதற்குக் கூலி இல்லை; அவர்களுக்கு அது தேவையும் இல்லை.

கல்வெட்டு விஷயத்துக்கு வருவோம். உபயம் இன்னார் என்று எந்தக் கல்லிலும், தூணிலும், மின்விசிறியிலும் எழுதவில்லை. வளைகுடாவில் வேலை பார்க்கும் நம் உறுப்பினர் ஒருவர், முன்மண்டபச் செலவு முழுவதையும் தானே ஏற்பதாகவும், வாசலில் பெற்றோர் பெயரைக் கருங்கல்லில் பொறிக்க வேண்டும் என்றும் கேட்டார். அம்மா அப்பா மேல் உள்ள பாசத்தில் கேட்டது அது. விடுமுறையில் வந்தபோது வீட்டுக்குப் போய்ப் பேசினோம். உள்ளே நுழைகிறவர் முதலில் படிக்கிற பெயர் யாருடையதாக இருக்க வேண்டும் என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் தொகையைக் குறைக்காமல், பெயரும் கேட்காமல் கொடுத்தார். அவர் பெருந்தன்மைக்குக் குழு கடமைப்பட்டிருக்கிறது. வாசல் உத்தரத்தில் முன்பு இருந்த வரி மட்டும் புது வண்ணத்தில் அப்படியே இருக்கிறது: தாழக்கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்.

பள்ளியறைக்குள் பெரிய மாற்றம் எதுவும் இல்லை. உள்ளே சிலைக்குப் பதில் இருக்கும் கண்ணாடியின் ரசம் ஓரங்களில் உதிர்ந்து நடுவிலும் கருப்புப் புள்ளிகள் பரவியிருந்தன. வணங்க நிற்பவருக்குத் தன் முகம் தெரியாமல் போனால் தனக்குள்ளேயே இறைவனைக் காண அங்கே கண்ணாடி வைத்ததன் பொருளே போய்விடும் அல்லவா? பழைய தேக்குச் சட்டத்தை மெருகேற்றி, அதிலேயே புதுக் கண்ணாடி பொருத்தினோம். பழைய கண்ணாடியைக் காவித்துணியில் சுற்றி ஏட்டுப்பெட்டி இருக்கும் அறையில் பத்திரமாக வைத்திருக்கிறோம். இரண்டு பக்கமும் நிற்கும் குத்துவிளக்குகள் பழையவைதான், புளி போட்டுத் தேய்த்ததில் புதுசு போல ஆகிவிட்டன.

கிணற்றைத் தூர் வாரி, கைப்பிடிச்சுவரை உயர்த்தி, மேலே இரும்பு வலை போட்டிருக்கிறோம். மூடி போட்டு மோட்டார் மட்டும் வைத்தால் போதும் என்ற யோசனை வந்தது. மோட்டாரும் வைத்தாயிற்று, குழாயும் வந்தாயிற்று. ஆனால் கப்பியையும் கயிற்றையும் எடுக்கவில்லை. பொதுக் கிணற்றில் கை வைக்கவே பலருக்கு உரிமை இல்லாத காலத்தில், அய்யாவின் தலைமைப்பதி இருக்கும் சாமிதோப்பில் எல்லாச் சாதியாரும் ஒன்றாக இறைத்துக் குளிக்க முத்திரிக் கிணறு வெட்டச் சொன்னவர் அய்யா. திருவிதாங்கூரில் கோவில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பர் 12-ல். அதற்கு நூறு ஆண்டுக்கு முன்பே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரே கிணற்றில் நீர் இறைத்து ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்தக் கயிற்றை ஒரு தடவையாவது இழுத்துப் பார்க்க வேண்டும். பள்ளியறைக்குள் போகும் முன் கால் கழுவ வாளியில் இறைக்கலாம்.

அடுக்களையும் பந்திக்கூடமும்தான் அதிகம் மாறியிருக்கின்றன. மழை வந்தால் பாதிப் பேர் தாழ்வாரத்திலும் பாதிப் பேர் வெளியே குடை பிடித்துக்கொண்டும் அன்னதர்மம் வாங்கிய நிலை இனி இல்லை. கூடத்தை நீளமாகக் கட்டியதற்குக் காரணம், எல்லோரும் ஒரே வரிசையில் எதிரெதிராக உட்கார வேண்டும் என்பதுதான். விருந்தினருக்கு நாற்காலி, மற்றவர்களுக்குத் தரை என்ற பழக்கமும் இங்கே வேண்டாம். கால் மடக்க முடியாத முதியவர்களுக்காக ஒரு ஓரம் முழுக்கத் திண்ணை வைத்திருக்கிறோம். அங்கே யாரும் உட்காரலாம். வாசலில் படிக்கட்டோடு ஒரு சாய்தளமும் போட்டிருக்கிறோம். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்பது சக்கரநாற்காலிக்கான கணக்கு. இடம் போதவில்லை, செங்குத்தாகப் போடலாமா என்று மேஸ்திரி கேட்டபோது, பூச்செடிப் பாத்தியை எடுத்துவிட்டு முழு நீளத்துக்கும் போடச் சொன்னோம்.

தாமதத்துக்கு வேறு இரண்டு காரணங்களும் உண்டு. ஆனி ஆடிச் சாரல், ஐப்பசி மழை என்று நம் மாவட்டத்துக்கு மழை இரண்டு முறை வரும் என்பதால் கூரை வேலைக்குக் கிடைக்கிற இடைவெளி குறைவு. அதோடு, ஓடு தருவதாக ஏற்றுக்கொண்ட இடத்தில் முதலில் வந்த லோடு தரமில்லாமல் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்துப் பார்த்துத் திருப்பி அனுப்பி, வேறு இடத்தில் வாங்கினோம்.

திறப்பு நாளில் யாகமும் கும்பாபிஷேகமும் வைக்காதது ஏன் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேட்டார்கள். அய்யா வழியில் அதெல்லாம் கிடையாது. காலையில் பணிவிடை, உகப்படிப்பு என்னும் பாடல் வழிபாடு, மதியம் உச்சிப்படிப்பு என்னும் நண்பகல் வழிபாடு, அன்னதர்மம், இரவு ஏடு வாசிப்பு, அவ்வளவுதான். ஆண்கள் தலைப்பாகை கட்டி, எல்லோரும் நெற்றியில் வெள்ளை நாமம் இட்டு நின்றதைப் பார்த்தபோது, தலை குனிந்து நடக்கப் பழக்கப்பட்டவர்களின் தலையில் முதன்முதலில் அந்தத் துணி ஏறியபோது என்ன நினைத்திருப்பார்கள் என்ற எண்ணம் பலருக்கும் வந்தது. ஏட்டில் நடுத்தீர்வை, அதாவது இறுதி நீதித் தீர்ப்பு வரும் பகுதியை வாசித்தவர் இந்த ஆண்டு முதல்முறையாக நம் பெண்பிள்ளைகளில் ஒருத்தி. கலியின் நீதிக்கணக்கு முடிந்து தருமயுகம் பிறக்கும் இடத்தில் அவள் குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை. அந்த நீதி எப்போதோ வரப்போகிறது என்று காத்திருப்பதோடு நம் வேலை முடிவதில்லை. அன்னம் பரிமாறும் கையிலும், கூலி கொடுக்கும் கையிலும், கணக்கு எழுதும் கையிலும் அது இருக்க வேண்டும். குழு எடுத்த முடிவுகள் எல்லாம் இதிலிருந்து வந்தவைதான்.

வரவு செலவுக் கணக்கு பில்களோடு தணிக்கை செய்யப்பட்டு அடுக்களை வாசல் பலகையில் ஒட்டப்பட்டிருக்கிறது. அதிகச் செலவு மரத்துக்கும் ஆசாரிக் கூலிக்கும்தான். நன்கொடைப் பட்டியலை அதில் சேர்க்கவில்லை. தன் ரசீதைச் சரிபார்க்க விரும்புகிறவர் பொருளாளரிடம் இருக்கும் ரசீதுப் புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளலாம். கையிருப்பில் மீதி உள்ள தொகை பெண்களுக்கான கழிப்பறை வேலைக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. வடக்குச் சுற்றுச்சுவர் இன்னும் பூசவில்லை, கோடை வெயில் ஏறும் முன் முடித்துவிடுவோம். கணக்கில் சந்தேகம் உள்ளவர்கள் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்ததும் கூடத்தில் கேட்கலாம், குழுவினர் எல்லோரும் இருப்போம்.

இறக்கிய பழைய ஓடுகளில் உடையாதவை கிணற்றுக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. வீட்டுக் கூரை ஒழுகுகிறவர்கள் யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கொண்டுபோக வண்டி வேண்டுமென்றால் முந்தின நாளே பணிவிடைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

அய்யா உண்டு.

திருப்பணிக் குழு