சோனி நிறுவனத்துக்கு ஒரு திறந்த மடல்: ஓய்வுபெறும் கருவியின் பூட்டை நீங்களே திறந்துவிடுங்கள்

சோனி இன்டராக்டிவ் என்டர்டெயின்மென்ட் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பில் உள்ளோருக்கு,

வணக்கம். 2013 நவம்பரில் விற்பனைக்கு வந்த உங்கள் வீடியோ கேம் கருவியான பிளேஸ்டேஷன் 4, 11 கோடியே 70 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கும் அறைகளுக்கும் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதற்கான கடைசி ஃபர்ம்வேர் (கருவியை இயக்கும் உள்ளமை மென்பொருள்) எது என்பதை ஒருநாள் நீங்கள் முடிவு செய்வீர்கள். அந்தக் கடைசிப் பதிப்பில், கருவியை விலைகொடுத்து வாங்கியவர் தாம் எழுதிய நிரலையோ பிறர் மனமுவந்து எழுதிக் கொடுத்த நிரலையோ இயக்கிக்கொள்ள ஒரு தேர்வை முறைப்படி வைத்துவிடுங்கள் என்பதே இந்த மடலின் ஒரே கோரிக்கை. ஏற்கெனவே ஓய்வுபெற்றுவிட்ட கையடக்கக் கருவியான பிளேஸ்டேஷன் விட்டாவுக்கும் இதையே கேட்கிறேன்.

ஹோம்ப்ரூ, அதாவது தனியார் ஆர்வத்தால் எழுதும் நிரல்களை, விரும்பும் ஆர்வலர்கள் இன்று எப்படிக் காத்திருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததன்று; ஆனாலும் வாடிக்கையாளர் பக்கமிருந்து அதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மின்னணுக் கையொப்பம் இல்லாத நிரலைக் கருவி ஏற்காது. ஆகவே அந்தச் சோதனையைத் தாண்ட ஒரு பாதுகாப்பு ஓட்டையும், அதைப் பயன்படுத்தும் ஓர் எக்ஸ்ப்ளாய்ட்டும் வேண்டும். அது எந்தப் பதிப்புக்கு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாததால், தானியங்கி அப்டேட்டை நிறுத்திவிட்டுக் கருவியை இணையத்திலிருந்தே துண்டித்து வைக்கிறோம். புதிய பதிப்பு இல்லாமல் உங்கள் ஆன்லைன் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வொர்க்குக்குள் நுழைய முடியாது என்பதால், பணம் கொடுத்து வாங்கிய சேவைகளையும் நண்பர்களோடு ஆடும் ஆட்டங்களையும் கைவிடுகிறோம். பழைய கருவி வாங்கப் போகும்போது விலையைக் கேட்பதற்கு முன் ஃபர்ம்வேர் எண்ணைக் கேட்கிறோம். ஒருமுறை தவறுதலாக அப்டேட் ஆகிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்ப வழியில்லை. எங்களிலும் பொறுமையற்றவர்கள் இருக்கிறார்கள். ஊதியமின்றி உழைக்கும் ஆய்வாளர்களை ‘எப்போது வரும், எப்போது வரும்’ என்று நச்சரித்து, ஒதுங்கிப்போகும் அளவுக்கு அவர்களைச் சலிப்படையச் செய்பவர்கள் இவர்களே. அந்த நடத்தையை நான் நியாயப்படுத்தவில்லை.

இந்தக் காத்திருப்பு பெரும்பாலும் எவ்வாறு முடிகிறது என்பதற்கு 2024-இல் வெளியான பிபிபிபோன் என்ற எக்ஸ்ப்ளாய்ட் நல்ல எடுத்துக்காட்டு. பிஎஸ்டி வகை இயங்குதளங்களில் பிபிபிஓஇ என்ற இணைய இணைப்பு முறையைக் கையாளும் நிரலில் 2006-ஆம் ஆண்டிலேயே அறிவிக்கப்பட்ட ஒரு பிழை, அவ்வகையைச் சேர்ந்த ஃப்ரீபிஎஸ்டியை அடிப்படையாகக் கொண்ட உங்கள் கருவியில் அப்படியே தங்கியிருந்தது. தி ஃப்ளோ என்ற புனைபெயரால் அறியப்படும் பாதுகாப்பு ஆய்வாளர் ஆண்டி நுயென் அதைக் கண்டுபிடித்து முதலில் உங்களிடமே தெரிவித்தார். நீங்கள் அவருக்கு வெகுமதி அளித்தீர்கள், பிழையைத் திருத்தினீர்கள். அதன் பிறகே விவரம் வெளியாகி, 11.00 வரையிலான பதிப்புகளில் நின்றுவிட்ட பிளேஸ்டேஷன் 4 கருவிகள் ஒரு கணினியும் ஒரு நெட்வொர்க் கேபிளும் கொண்டு திறக்கப்பட்டன.

2020 ஜூனில் நீங்கள் பொதுவில் அறிவித்த வெகுமதித் திட்டத்தின் விளைவு இது. பிளேஸ்டேஷன் 4-இன் மிகக் கடுமையான ஓட்டைகளுக்கு 50,000 டாலரிலிருந்து தொகை தொடங்கும் என்றீர்கள். அந்தத் திட்டத்தை நான் குறைகூறவில்லை. கோடிக்கணக்கானோரின் கணக்கு விவரங்கள் பாதுகாப்பாக இருக்க அது தேவை. ஆனால், அத்திட்டத்தின் வழியே வரும் எந்த எக்ஸ்ப்ளாய்ட்டும் எங்கள் கைக்குக் கிடைக்கும் நாளை நடைமுறையில் இப்போது நிர்ணயிப்பது நீங்கள்தான். ஓட்டை அடைபட்ட பின்னரே அது வெளியாகிறது. பழைய பதிப்பில் பிடிவாதமாக இருந்தவருக்கு மட்டுமே அது பயன்படுகிறது. கதவு எப்படியும் உங்கள் நாட்காட்டியின்படிதான் திறக்கிறது என்றால், விற்பனைக் காலம் முடிந்த ஒரு கருவிக்கு அதை நேரடியாகவே திறந்துவிடுவதில் உங்களுக்கு என்ன இழப்பு என்று கேட்கிறேன்.

உங்கள் நிறுவனத்துக்கு இது புதிய எண்ணமும் அன்று. 1990-களில் நெட் யாரோசே என்ற கறுப்பு நிறப் பிளேஸ்டேஷனை ஆர்வலர்களுக்கென்றே விற்றீர்கள். பிளேஸ்டேஷன் 2-க்கு லினக்ஸ் இயங்குதளத் தொகுப்பு தந்தீர்கள். 2006-இல் வந்த பிளேஸ்டேஷன் 3-இல் லினக்ஸ் போன்ற வேறு இயங்குதளத்தை நிறுவிக்கொள்ள அதர் ஓஎஸ் என்ற தேர்வை நீங்களே வைத்தீர்கள். அதை நம்பித்தான் அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1,760 கருவிகளை இணைத்துக் காண்டோர் என்ற மீக்கணினித் தொகுதியைக் கட்டியது. பிறகு 2010 ஏப்ரல் 1 அன்று வெளியான 3.21 பதிப்பு அந்தத் தேர்வை நீக்கியது. ஏற்காதவர்கள் ஆன்லைன் சேவையை இழந்தார்கள். ஹேக்கரான ஜார்ஜ் ஹாட்ஸ் அந்த ஆண்டு ஜனவரியில் அதர் ஓஎஸ் வழியாக, இயங்குதளத்துக்கும் கீழே இருந்து கருவியைக் காக்கும் ஹைப்பர்வைசரைத் தொட்டுக் காட்டியதே உங்கள் அச்சத்துக்குக் காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீக்கியதால் என்ன கிடைத்தது? அதே ஆண்டு டிசம்பரில் பெர்லினில் நடந்த மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ என்ற ஹேக்கர் குழு மேடையேறியது. கையொப்பம் இடும்போது ஒவ்வொரு முறையும் புதிதாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய எண்ணை நீங்கள் மாற்றாமலே பயன்படுத்தி வந்ததையும், அதனால் இரண்டு கையொப்பங்களிலிருந்தே கையொப்பமிட உதவும் உங்கள் இரகசியத் தனித்திறவுகோலைக் கணக்கிட்டுவிடலாம் என்பதையும் அது விளக்கியது. லினக்ஸைத் திரும்பப் பெறுவதே தங்கள் நோக்கம் என்று அந்தக் குழு வெளிப்படையாகச் சொன்னது. திறமையாளர்களுக்குச் சட்டபூர்வமாக விளையாட ஓர் இடம் இருந்தவரை அந்தக் கருவி நான்கு ஆண்டுகளாகக் கிட்டத்தட்ட தீண்டப்படாமல் இருந்தது. அந்த இடத்தைப் பறித்த ஓராண்டுக்குள் அதன் பாதுகாப்பு அடியோடு சரிந்தது. தேர்வை நீக்கியதற்காகத் தொடரப்பட்ட வழக்கு 2018-இல் 37.5 லட்சம் டாலர் சமரசத்தில் முடிந்தது என்பது தனிக்கதை.

விட்டாவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனெனில் கைவிடப்பட்ட கருவியை ஆர்வலர்கள் எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. 2011 டிசம்பரில் ஜப்பானில் வெளியான அந்தக் கையடக்கக் கருவி நீங்கள் மட்டுமே தயாரித்த நினைவட்டையைத் தவிர வேறெதையும் ஏற்காது. 32 ஜிபி அட்டைக்கு அமெரிக்காவில் தொடக்கத்தில் ஏறத்தாழ 100 டாலர் விலை வைத்தீர்கள். 2016 ஜூலையில் மாலிக்யூல் என்ற ஆர்வலர் குழு 3.60 பதிப்புக்கு ஹென்காக்கு என்ற எக்ஸ்ப்ளாய்ட்டை வெளியிட்டபோது, உலாவியில் ஒரு பக்கத்தைத் திறந்தாலே கருவி திறந்துகொண்டது. அந்த நாளுக்காக நாங்கள் நான்கரை ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தோம். பிறகு 2018-இல் எச்-என்கோர் என்ற இன்னொரு எக்ஸ்ப்ளாய்ட் வந்தது. இவற்றின் வழியே, கேம் அட்டை நுழையும் இடத்தில் ஒரு மலிவான இணைப்பானைச் செருகிச் சாதாரண மைக்ரோ எஸ்டி அட்டையைப் பயன்படுத்த முடிந்தது. 2019-இல் நீங்கள் உற்பத்தியை நிறுத்தினீர்கள். உங்கள் அட்டைகள் பழுதாகின்றன, கிடைப்பதும் அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாத பழைய சரக்கே கிடைக்கிறது. இன்று ஒரு விட்டாவைத் தயக்கமின்றி ஒரு சிறுவனிடம் கொடுக்க முடிகிறது என்றால், அந்த இணைப்பானும் அதை இயக்கும் சிறு நிரலும்தான் காரணம். அவை இரண்டும் உங்கள் அனுமதியின்றி உருவானவை.

பிளேஸ்டேஷன் 4-க்கும் இதே நிலை வரவிருந்தது. உள்ளே இருக்கும் கடிகார மின்கலம் தீர்ந்துபோன கருவி, உங்கள் சேவையகத்தோடு நேரத்தைச் சரிபார்க்க முடியாவிட்டால், வட்டில் உள்ள ஆட்டத்தைக்கூடத் தொடங்க மறுக்கும் என்பது 2021-இல் பரவலாகத் தெரியவந்தது. ஆட்டத்தில் வெல்லும் கோப்பைகளுக்கு (சாதனைப் பதக்கங்களுக்கு) நேரமுத்திரை இடும் ஏற்பாட்டோடு தொடர்புடைய சிக்கல் அது. அந்த ஆண்டு செப்டம்பரில் 9.00 பதிப்பில் அதைச் சரிசெய்தீர்கள், நன்றி. அதே 9.00 பதிப்புக்கு டிசம்பரில் ஓர் எக்ஸ்ப்ளாய்ட் வந்ததால், எங்களுக்கு அது இரட்டை மகிழ்ச்சியாயிற்று! ஆனால் சேவையகம் ஒருநாள் அணைக்கப்பட்ட பிறகு இத்தகைய இன்னொரு பிழை கண்டறியப்பட்டால், அதைத் திருத்த உங்களிடம் அணி இருக்காது. எங்களிடம் இருக்கும், ஆனால் உள்ளே நுழைய வழி இருக்க வேண்டும்.

இனி நீங்கள் கேட்கக்கூடிய கேள்விக்கு வருகிறேன். ஹோம்ப்ரூவுக்குத் திறக்கும் அதே எக்ஸ்ப்ளாய்ட் திருட்டு நகல்களுக்கும் திறக்கிறது, ஆர்வலர் என்று சொல்லிக்கொள்பவர்களில் கணிசமானோர் காத்திருப்பது அதற்காகவே. அதை மறுப்பது நேர்மையாகாது. அதனால்தான் நான் எக்ஸ்ப்ளாய்ட்டைக் கேட்காமல் முறையான தேர்வைக் கேட்கிறேன். இயங்குதளத்தின் மையப் பகுதியான கர்னலை உடைத்து நுழைபவருக்கு எல்லாமே திறந்துவிடுகிறது. நீங்களே அமைக்கும் வாயிலில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்பதை நீங்கள் வரையறுக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2016-இலிருந்து கடையில் வாங்கிய எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியிலேயே டெவலப்பர் மோடைத் தருகிறது. அந்த நிலைக்கு மாறினால் சொந்த நிரல்களும் பழைய கருவிகளைப் போலச் செயல்படும் எமுலேட்டர்களும் இயங்கும். கடையில் விற்கும் ஆட்டங்கள் இயங்கா. ஆட்டம் வேண்டுமானால் மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். 2013-இல் வந்த அந்தக் கருவிக்கு 2024 வரை, பத்தாண்டுக்கும் மேலாகப் பொதுவெளியில் ஒரு கர்னல் எக்ஸ்ப்ளாய்ட்கூட வரவில்லை என்பதற்கு அதன் உறுதியான கட்டமைப்பு பெருங்காரணம். உடைக்கும் தேவையே பலருக்கு எழவில்லை என்பதும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

சட்டத்தின் வழியே இது நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. 2012-இல் அமெரிக்காவில் கைப்பேசிகளை ஜெயில்பிரேக் செய்ய (நிறுவனத்தின் பூட்டை உரியவரே திறக்க) விலக்கு அளித்தபோது, கேம் கன்சோல்களுக்கான அதே கோரிக்கை மறுக்கப்பட்டது. உங்கள் துறையின் சங்கம் அதை எதிர்த்தது. ஆகவே கேட்க வேண்டிய இடம் உங்கள் அலுவலகமே. 2021 மார்ச்சில் பிளேஸ்டேஷன் 3, விட்டா கடைகளை மூடப்போவதாக அறிவித்து, வாடிக்கையாளர் குரலைக் கேட்டு ஏப்ரலிலேயே முடிவை மாற்றிக்கொண்டவர்கள் நீங்கள் என்பதால் கேட்பது வீண் என்றும் தோன்றவில்லை.

தொடங்க ஏற்ற கருவி விட்டாதான். அதற்கென ஒரு புதிய பதிப்பை வெளியிட்டு, அமைப்புகள் பட்டியலில் கையொப்பமற்ற நிரல்களுக்கு ஒரு தேர்வைச் சேருங்கள். அதை இயக்கியவர் உங்கள் நெட்வொர்க்கில் நுழைய முடியாது என்ற நிபந்தனையையும் வையுங்கள், ஏற்றுக்கொள்கிறோம். மைக்ரோ எஸ்டி இணைப்பானை ஏற்கும் வசதியையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். பிளேஸ்டேஷன் 4-ஐப் பொறுத்தவரை, கடைசிப் பதிப்பை வெளியிடுவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன்பே இத்தகைய தேர்வு உண்டா இல்லையா என்று அறிவியுங்கள். இல்லை என்பதே பதிலானாலும் அதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எந்தப் பதிப்பில் நிற்பது என்று நாங்கள் முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
விட்டாவும் பிளேஸ்டேஷன் 4-உம் வைத்திருக்கும் ஒரு ஹோம்ப்ரூ ஆர்வலர்